"ஆணுக்குக் காதல் ஒரு பகுதி, பெண்ணுக்கு அதுவே முழு வாழ்வு": சொன்னது பைரனா, ஜூலியாவா?

நீலவானம்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் என் அத்தை மகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தாள். அந்திச் சூரியன், கடற்கரை, தனியாக நடந்து போகும் ஒரு பெண். அதன்மேல், "ஆணுக்குக் காதல் வாழ்வின் ஒரு பகுதி, பெண்ணுக்கு அதுவே முழு வாழ்வு" என்ற வாசகம். கீழே ஆங்கிலக் கவிஞர் பைரன் பெயர். அதைப் பார்த்த என் மனைவி, "நீங்கள் தூக்கிவைத்துப் பேசுகிற கவிஞர் பெண்களைப் பற்றி நினைத்தது இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்த வரிகளை எழுதியது பைரன்தான். ஆனால் சொல்வது அவர் இல்லை. 'டான் ஜுவான்' என்ற அவருடைய நீண்ட காவியத்தில், முதல் காண்டத்தின் கடைசிப் பகுதியில், ஜூலியா என்ற பெண் எழுதும் கடிதத்தில் அவை வருகின்றன. ஜூலியாவுக்கு வயது 23. அவள் கணவன் அல்ஃபோன்சோவுக்கு 50. ஐம்பது வயதில் ஒரு கணவன் இருப்பதைவிட இருபத்தைந்து வயதில் இரண்டு பேர் இருந்தால் மேல் என்று பைரன் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். கதை நாயகன், பதினாறு வயது ஜுவானுக்கும் அவளுக்கும் காதல் வருகிறது, பிடிபடுகிறார்கள், ஊர் முழுக்கப் பேச்சாகிறது. பையனை அவன் அம்மா கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள், ஒழுக்கம் கற்றுக்கொண்டு வரட்டும் என்று. ஜூலியாவைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே தப்பு. அவனுக்குக் கிடைப்பது உலகப் பயணம், அவளுக்கு நான்கு சுவர்.

அந்த நிலையில் இருப்பவள் எழுதுகிற வரி அது. அடுத்த வரிகளைப் படத்தில் போடுவதே இல்லை. ஆண்களுக்கு அரசவை இருக்கிறது, போர்ப்பாசறை இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, கப்பலும் கடைவீதியும் இருக்கின்றன. வாளும் பணமும் புகழும் காதல் விட்டுப்போன இடத்தை நிரப்பிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். கடைசியில், எங்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று: மறுபடி காதலிப்பது, மறுபடி அழிந்துபோவது என்று முடிக்கிறாள்.

முழுதாகப் படித்தால் இது பெண்ணின் இயல்பைப் பற்றிய தத்துவமாகவா தெரிகிறது? எனக்கு ஒரு புகாராகத்தான் கேட்கிறது. வேறு எந்தக் கதவையும் எங்களுக்குத் திறந்து வைக்கவில்லையே என்ற புகார். வேலியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே நின்றவளின் படத்தை மட்டும் மாட்டிவைத்தால், அவள் விரும்பித்தான் அங்கே நிற்கிறாள் என்று தோன்றும்.

பைரனுடைய மற்ற "பொன்மொழி"களுக்கும் இந்தக் கதிதானா என்று பார்க்க ஆசை. படித்தவர்கள் எழுதுங்கள்.

பழைய வாத்தியார்

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை வகுப்பில் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது பின்வரிசைகூட அமைதியாகிவிடும். அடுத்த செய்யுளுக்கு வந்ததும் குழம்பிப்போவார்கள்.

அந்தச் செய்யுளில் பைரன் கடிதத்தை விட்டுவிட்டு, அது எழுதப்பட்ட காகிதத்தைப் பார்க்கிறார். ஓரத்தில் பொன் பூசிய காகிதம். புத்தம் புதிய, மெல்லிய காக்கை இறகுப் பேனா. மெழுகை உருக்க விளக்கை நோக்கி நீளும் அவள் கை, திசைகாட்டும் காந்த ஊசிபோல நடுங்குகிறது. ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீரை அவள் வெளியே விடவில்லை. முத்திரையில் ஒரு சூரியகாந்திப் பூ, "அவள் உன்னை எங்கும் பின்தொடர்கிறாள்" என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம். கடைசி வரி: மெழுகு உயர்ந்த தரம், நிறம் குங்குமச் சிவப்பு.

"சார், இவர் அவளைக் கேலி செய்கிறாரா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். அந்த நடுங்கும் கையைப் பாருங்கள் என்பேன். கேலி மட்டுமே செய்ய வந்தவனுக்குக் கை நடுங்கியது கண்ணில் படாது. மனசு உடைந்து எழுதும்போதும் நல்ல காகிதத்தைத் தேடி எடுத்துத்தான் எழுதுகிறோம். அதையும் பைரன் பார்த்துவிட்டார். துக்கத்தையும் குங்குமச் சிவப்பு மெழுகையும் ஒரே மேஜையில் வைக்கத் தெரிந்த கவிஞர்கள் ஆங்கிலத்தில் அதிகம் பேர் இல்லை.

கொண்டல்

ஐயா, அந்தக் கடிதத்தின் கதை அங்கே முடியவில்லையே. இரண்டாம் காண்டத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பைரன் முழுதாகப் பிடிபடுவார்.

கப்பல் ஸ்பெயின் கரையை விட்டுக் கிளம்புகிறது. ஜுவான் மேல்தளத்தில் நின்று அழுகிறான். ஜூலியாவின் கடிதத்தை எடுத்துப் படிக்கிறான். உன்னை மறப்பதற்குள் இந்த நீலக்கடல் காற்றாகக் கரைந்துவிடும், பூமியே கடலாகிவிடும் என்று சபதம் செய்கிறான். சபதத்தின் நடுவில் கப்பல் ஒரு ஆட்டம் ஆடுகிறது, பையனுக்குக் குமட்டுகிறது. "ஜூலியா, என் அன்பே" என்று தொடங்கி, வேலைக்காரன் பெட்ரோவைக் கூப்பிட்டு, "கீழே கூட்டிக்கொண்டு போ" என்று கெஞ்சி, மறுபடி "ஜூலியா" என்று கூவி... வாந்திக்கும் காதலுக்கும் நடுவில் அந்த வசனம் அல்லாடுகிறது. காதலுக்கு எல்லாவற்றையும் தாங்கும் தெம்பு இருக்கிறது, குமட்டலை மட்டும் தாங்காது என்கிறார் பைரன்.

நான் முதலில் படித்தபோது சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் புயல். கப்பல் மூழ்குகிறது. நீள்படகில் தப்பியவர்களுக்கு உணவு தீர்ந்துபோகிறது. ஜுவானின் நாயைக் கொன்று தின்கிறார்கள். அதுவும் தீர்ந்ததும், நம்மில் ஒருவரைத் தின்பது என்று முடிவாகிறது. யாரை என்று சீட்டுக் குலுக்க வேண்டும். சீட்டுக்குக் காகிதம்? படகில் வேறு காகிதமே இல்லை. ஜுவானிடமிருந்து ஜூலியாவின் கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறார்கள்.

அந்தப் பொன்னோரக் காகிதம், சூரியகாந்தி முத்திரை, "எங்கும் பின்தொடர்கிறாள்" எல்லாம் சேர்ந்துதான். அவள் பின்தொடர்ந்து வந்து சேர்ந்த இடம் அது. சீட்டு ஜுவானின் ஆசிரியர் பெட்ரில்லோ பெயருக்கு விழுகிறது. தன் வாத்தியாரை ஜுவான் தின்ன மறுத்துவிடுகிறான்.

இதை வெறும் கொடூர வேடிக்கை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் பைரன் இதற்காக உண்மையான கப்பல் விபத்துக் குறிப்புகளைப் படித்திருக்கிறார். அவருடைய தாத்தா ஜான் பைரனே 1741-ல் தென்னமெரிக்கக் கரையில் உடைந்த 'வேஜர்' கப்பலில் இருந்து பிழைத்து வந்தவர், அதைப் புத்தகமாகவும் எழுதியவர். தாத்தாவின் அந்த நூலைப் பைரன் இந்தக் காண்டத்திலேயே குறிப்பிடுகிறார். பசி வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர் வீட்டில் புழங்கிய கதை.

சிற்றோடை

நான் இன்னும் படித்ததில்லை, கல்லூரி முதலாமாண்டு. ஒரு சந்தேகம் கேட்கலாமா அண்ணா? குமட்டல் வந்தால் காதல் போய்விடும், பசித்தால் காதல் கடிதம் சீட்டாகிவிடும் என்றால், காதலே பொய் என்று சொல்ல வருகிறாரா?

கொண்டல்

இல்லை தம்பி. குமட்டல் வந்த பிறகும் "ஜூலியா" என்றுதானே கூப்பிடுகிறான். கடிதத்தையும் அவனாகக் கொடுக்கவில்லை, பிடுங்கினார்கள். காதல் உண்மைதான். அது ஓர் உடம்புக்குள் இருக்கிறது, அந்த உடம்புக்கு வயிறு இருக்கிறது. மற்ற கவிஞர்கள் வயிற்றை விட்டுவிட்டார்கள், இவர் விடவில்லை. ஐந்தாம் காண்டத்தில் ஆன்மாவைத் தட்டி எழுப்பும் மணி எது என்று பெரிதாக ஆரம்பித்து, சாப்பாட்டு மணி என்று முடிப்பார்.

தாழம்பூ

எல்லோரும் பாராட்டிக்கொண்டே போகிறீர்கள். கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

இந்த ஆள் 1815 ஜனவரியில் அனபெல்லா மில்பேங்கைக் கல்யாணம் செய்தார். அந்த டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே அனபெல்லா கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. 1816 ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தை விட்டுப் போனார். அந்த மகளை அவர் பிறகு பார்க்கவே இல்லை. அதோடு விட்டாரா? ஜுவானின் அம்மா இனெஸ் என்ற பாத்திரத்தில் மனைவியை வைத்துப் பரிகாசம் செய்தார். அவளுக்குப் பிடித்த பாடம் கணிதம் என்று. அறிவாளிப் பெண்களைக் கட்டிக்கொண்ட கணவன்மாரே, உண்மையைச் சொல்லுங்கள், அவர்கள் உங்களை ஆட்டிப்படைக்கவில்லையா என்று ஒரு ஈரடி வேறு. ஆங்கிலத்தில் அந்த இயைபு பிரமாதமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஈரடிக்குப் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு குளிரில் வண்டியேறியிருக்கிறாள்.

இன்னொரு மகள் அலெக்ரா, கிளேர் கிளேர்மான்ட்டுக்குப் பிறந்தவள். குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அப்புறம் ரவென்னா பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்தில் விட்டுவிட்டார். வெளியே எடுத்துவிடுங்கள் என்று தாய் கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. 1822 ஏப்ரலில் காய்ச்சல் வந்து, ஐந்து வயதில் அந்தக் குழந்தை அங்கேயே இறந்துபோனது.

ஜூலியாவை மடத்தில் அடைத்த சமூகத்தைச் சாடியதாகச் சொல்கிறீர்கள். பெற்ற மகளை மடத்தில் விட்டவர் அவர்.

நீலவானம்

நீங்கள் சொன்ன அத்தனையும் உண்மை. மறுக்கவோ மழுப்பவோ எனக்கு ஒன்றும் இல்லை. அலெக்ராவைப் பற்றிப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பல நாள் எடுக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். அவரை விடுவிப்பதற்காக இல்லை, படிக்கும்போது என் மனதில் இரண்டும் சேர்ந்தே நிற்பதால். ஏழாம், எட்டாம் காண்டங்கள் இஸ்மாயில் கோட்டை முற்றுகையைப் பற்றியவை. 1790-ல் சுவோரவ் தலைமையில் ரஷ்யப் படை துருக்கியரிடமிருந்து பிடித்த கோட்டை. அலெக்ரா இறந்த அதே 1822-ல்தான் அந்தப் பகுதியை எழுதினார். அதில் ஜுவான் ரஷ்யப் பக்கம் நின்று சண்டை போடுகிறான். பிணக்குவியலின் நடுவே ஒளிந்துகிடக்கும் பத்து வயதுத் துருக்கிச் சிறுமி ஒருத்தியைக் கொல்ல இரண்டு பேர் வருகிறார்கள். ஜுவான் அவர்களை வெட்டி விரட்டி, அவளைத் தூக்கிக்கொள்கிறான். லைலா என்று பெயர். அப்புறம் அவளைக் கைவிடுவதே இல்லை, இங்கிலாந்து வரைக்கும் கூட்டிப்போகிறான்.

வாழ்க்கையில் செய்யாததைக் கவிதையில் செய்தார் என்று சொன்னால் எளிதாக இருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கவிதையில் ஒரு குழந்தை பிழைத்ததால் மடத்தில் இறந்த குழந்தை திரும்பி வராது. ஆனால் அந்தக் காண்டத்தின் தொடக்கத்தில் அவர் சொல்கிற ஒன்று: ஒரே ஒரு கண்ணீர்த் துளியைத் துடைத்துவிடுவது, கடல்கடலாக இரத்தம் சிந்துவதைவிட நேர்மையான புகழ். இதை எழுதியவர் எதையும் உணராதவர் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தாழம்பூ

உணராதவர் என்று நான் சொல்லவில்லையே. உணர்ந்தும் செய்தார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அவர் கணக்கைக் கிண்டலடித்தாரே, அந்த முதல் மகள் யார் தெரியுமா? ஏடா லவ்லேஸ். சார்லஸ் பாபேஜின் பகுப்பாய்வு எந்திரத்தைப் பற்றி 1843-ல் விளக்கக் குறிப்புகள் எழுதியவர். இன்று கணினிக் கல்வியில் முதல் பாடத்திலேயே வருகிற பெயர். அம்மா சிறுவயதிலிருந்தே கணிதம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்து வளர்த்த பெண். தந்தையைப் போலவே 36 வயதில் இறந்தார். ஹக்னால் ஊர் தேவாலயத்தில் தந்தைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கச் சொன்னார், அப்படியே புதைத்தார்கள். கைக்குழந்தையாக விட்டுப் பிரிந்தவரின் பக்கத்தில் படுக்க ஏன் ஆசைப்பட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

பழைய வாத்தியார்

தாழம்பூ அம்மா, இந்த இழைக்கு நீங்கள் வந்தது நல்லதாயிற்று. வகுப்பில் இதைச் சொல்லாமல் பைரனை நடத்திய வருடங்களை நினைத்தால் எனக்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

போர்க் காண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காதலைப் பற்றிய வரிகள் மட்டும் படங்களில் சுற்றுவதால், மனித இயல்பைப் பற்றி அவர் எழுதியதில் ஆகச் சிறந்த பகுதி கண்ணில் படாமலே போய்விடுகிறது. போரில் செத்து, அரசு அறிவிப்பில் தன் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் வந்தவன் பாக்கியசாலி என்கிறார். தனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் குரோஸ். செத்ததை அச்சிட்டபோது குரோவ் என்று போட்டார்களாம். புகழுக்காக உயிரைக் கொடுத்தவனுக்குக் கிடைத்த புகழ் ஒரு தப்பான எழுத்து. நான் படித்த போர் எதிர்ப்புக் கவிதைகளில் இதைவிடச் சிறிய இடத்தில் இவ்வளவு சொன்னது வேறில்லை.

இந்தக் கோபம் திடீரென்று வந்ததும் இல்லை. 1812 பிப்ரவரி 27 அன்று, 24 வயதில், பிரபுக்கள் சபையில் பைரன் தன் முதல் உரையை ஆற்றினார். நாட்டிங்ஹாம் பக்கம் வேலை போன நெசவாளிகள் காலுறை பின்னும் பொறிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பொறியை உடைத்தால் தூக்கு என்று சட்டம் வரப்போகிறது. அதை எதிர்த்துத்தான் பேசினார். அவருடைய நியூஸ்டெட் மாளிகை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பசியை அவர் கண்ணால் பார்த்தவர்.

முகில்

கல்யாண வரிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே! எனக்குப் பிடித்தது மூன்றாம் காண்டம். மது புளித்துக் காடியாவதுபோலக் காதல் கல்யாணமாகிறது என்கிறார். விண்ணுலகச் சுவையாக இருந்தது, நாளடைவில் வீட்டுச் சமையல் ருசிக்கு இறங்கிவிடுகிறதாம். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற ஈரடி. என் மொழிபெயர்ப்பு:

*லாரா பெட்ரார்க்குக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால்
ஆயுள் முழுக்க அவள்மேல் பாட்டெழுதியிருப்பாரா?*

பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர் 1327-ல் அவிஞ்ஞோனில் லாராவைப் பார்த்ததாகச் சொல்வார்கள். கிடைக்காத அவளை நினைத்தே காலம் முழுதும் எழுதினார். கிடைத்திருந்தால்?

எனக்குக் கல்யாணமாகி 22 வருடம். பைரனிடம் நான் முரண்படுகிற இடமும் இதுதான். வீட்டுச் சமையல் ருசி என்று அவர் குறைத்துச் சொன்னது எனக்கு ருசிதான். ஓராண்டில் பிரிந்துபோன மனிதருக்கு இருபதாவது வருடத்தின் சமையல் எப்படித் தெரியும்? ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. ஏங்குவதைப் பாடிய கவிஞர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேர்ந்து வாழ்வதைப் பாடியவர்கள் எத்தனை பேர்? எல்லாச் சோக நாடகமும் சாவில் முடிகிறது, எல்லா இன்ப நாடகமும் கல்யாணத்தில் முடிகிறது, அதற்குப் பிறகு நடப்பதை எழுதத் துணிந்தவர் இல்லை என்று அவரே அடுத்தபடி சொல்கிறார்.

சிற்றோடை

முகில் அண்ணா, அந்த ஈரடி தமிழில் படித்தபோது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை. தாழம்பூ அக்கா ஆங்கில இயைபு பிரமாதம் என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

முகில்

சரியாகப் பிடித்தாய். இதில்தான் நான் இரண்டு வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பைரன் எடுத்துக்கொண்ட வடிவம் 'ஒட்டாவா ரீமா' என்ற இத்தாலிய எண்வரிப் பா. முதல் ஆறு வரிகளில் இரண்டு ஓசைகள் மாறி மாறி வரும். கடைசி இரண்டு வரி தனி இயைபோடு ஜோடியாக வரும். ஆறு வரிக்குக் கதையோ உணர்ச்சியோ ஏறிக்கொண்டே போகும். ஏழாம் எட்டாம் வரியில் சட்டென்று இறங்கும். வெனிஸில் இருந்தபோது 'பெப்போ' என்ற கதைப்பாட்டில் இதை ஓட்டிப்பார்த்தார், அது 1818-ல் வெளிவந்தது. அதே வருடம் ஜூலையில் 'டான் ஜுவான்' தொடங்கினார். பதினாறு காண்டம் முழுதாக எழுதினார், பதினேழாவது தொடக்கத்தோடு நிற்கிறது. மொத்தம் கிட்டத்தட்ட 16,000 வரி, அத்தனையும் இந்த ஏற்ற இறக்கத்திலேயே.

இறக்கம் எங்கே நடக்கிறது? வரியின் கடைசிச் சொல்லில். நாயகன் பெயரையே 'ஜூ-அன்' என்று ஆங்கிலக்காரன் வாயால் சொல்லவைத்து, 'நியூ ஒன்', 'ட்ரூ ஒன்' என்பதோடு முட்டவிடுகிறார். தாழம்பூ சொன்ன ஈரடியில் 'இன்டலெக்சுவல்' என்ற கௌரவமான சொல்லுக்கு 'ஹென்பெக்ட் யூ ஆல்' என்ற வீட்டுச் சண்டைப் பேச்சு இயைபாக வந்து நிற்கிறது. கேட்பவர் அடுத்த சொல் என்ன என்று காத்திருக்கிறார், அவர் எதிர்பாராதது வந்து விழுகிறது. சிரிப்பு அங்கே.

நமக்கு ஓசை ஒற்றுமை பெரும்பாலும் அடியின் முன்பக்கத்தில் இருக்கிறது. எதுகை, மோனை இரண்டும் அப்படித்தான். அடி தொடங்கும்போதே ஓசை பொருந்திவிடும், கடைசிச் சொல்லுக்கு அந்தக் காத்திருப்பு இருக்காது. இயைபு நம் மரபிலும் உண்டு, ஆனால் எட்டு வரிக்கு அதையே பிடித்தால் வாழ்த்து மடல் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் வினைமுற்றைக் கடைசிக்குத் தள்ளி, பொருளை அங்கே திருப்பப் பார்க்கிறேன். தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கு வசதி. பத்துச் செய்யுளுக்கு ஒன்று தேறுகிறது.

கொண்டல்

ஜூலியா முதல்முறை மயங்கும் இடத்தை அப்படிச் செய்து பார்த்தீர்களா? கொஞ்சம் போராடி, நிறைய வருந்தி, "ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்" என்று முணுமுணுத்துச் சம்மதித்துவிடும் ஈரடி.

முகில்

அது தேறியது! *"மாட்டேன், ஒருநாளும் மாட்டேன்" என்று மெல்ல முணுமுணுத்தாள், சம்மதித்தாள்.* வினைமுற்று வேலை செய்கிறது பாருங்கள்.

தாழம்பூ

தேறியிருக்கிறது. இந்த வரியைத் தனியாக வெட்டி யாராவது ஸ்டேட்டஸில் வைத்தால் எவ்வளவு ஆபத்தான வரியாகிவிடும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டுக்கொண்டே தன்னை ஏமாற்றிக்கொள்ளும் ஒருத்தியைப் பல செய்யுள்களாக நாம் பார்த்துவந்த பிறகு அங்கே வருகிறது. தனியாக நின்றால் "வேண்டாம்" என்றால் "வேண்டும்" என்று அர்த்தம் என்றாகிவிடும். நீலவானம் தொடங்கிய பேச்சுக்கு இதைவிட வலுவான உதாரணம் கிடைக்காது.

பழைய வாத்தியார்

மிகச் சரி. வெட்டுப்பட்டதில் எனக்கு அதிக வருத்தம் தருகிற வரி ஒன்று இருக்கிறது. "சாகப்போகிற எதைப் பார்த்தும் நான் சிரித்தால், அது அழாமல் இருப்பதற்காக." நான்காம் காண்டம், நான்காம் செய்யுள். எல்லா மேற்கோள் புத்தகத்திலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பைரன் நிறுத்தவில்லை. அதே மூச்சில் தொடர்கிறார்: அழுதேன் என்றால், எப்போதும் மரத்துப்போய் இருக்க நம் இயல்பால் முடியாததால்.

பாதி வரியைப் படித்தால், துக்கத்தை மறைக்கும் புன்னகைக்காரர் ஒருவர் தெரிகிறார். முழுதும் படித்தால், மரத்துப்போக முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும் மனிதர் தெரிகிறார். அது எங்கே வருகிறது என்பதும் முக்கியம். கப்பல் விபத்தில் கரை ஒதுங்கிய ஜுவானைக் காப்பாற்றியவள் ஹைடி, ஒரு கிரேக்கத் தீவில் கடற்கொள்ளைக்காரனின் மகள். அப்பா இறந்துவிட்டார் என்று நம்பி இருவரும் ஒன்றாக வாழ்கிறார்கள். அப்பா திரும்பி வருகிறார். ஜுவானை வெட்டிச் சாய்த்து அடிமையாகக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறார். ஹைடி பன்னிரண்டு பகலும் பன்னிரண்டு இரவும் பேசாமல் வாடிச் சாகிறாள். வயிற்றில் பிறக்காத குழந்தை. தீவு இப்போது பாழ், வீடுகள் இடிந்துவிட்டன, அவள் கதையைச் சொல்ல அங்கே ஒரு கல்லும் இல்லை என்கிறார்.

அந்தச் சில செய்யுள்களில் சிரிப்பே கிடையாது. எட்டாம் வரியில் இறக்கமும் கிடையாது. அப்புறம், சோகம் கூடிவிட்டது, இந்தத் தாளை அலமாரியில் வைத்துவிடுகிறேன் என்று எழுந்து போய்விடுகிறார். சிரிக்கப்போவதன் காரணத்தை எழுபது செய்யுளுக்கு முன்பே சொல்லிவைத்துவிட்டு, அந்த இடம் வந்ததும் அவரால் சிரிக்க முடியவில்லை. எனக்கு வயது 68. இப்போதும் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க என்னால் ஆகாது.

கொண்டல்

ஐயா சொன்னதோடு ஒரு சிறு தகவல். பைரன் அப்போது காதலித்த தெரேசா குய்ச்சோலிக்கு இந்தக் காவியம் பிடிக்கவில்லை. 1821-ல் ஐந்து காண்டத்தோடு நிறுத்தச் சொன்னார், அவரும் ஒத்துக்கொண்டார். காதலின் மாயையை இது உரித்துவிடுகிறது, அதனால்தான் பெண்களுக்கு இதைப் பிடிப்பதில்லை என்று பதிப்பாளர் ஜான் மரேக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் தெரேசா அனுமதி கொடுத்த பிறகுதான் தொடர்ந்தார். அனுமதி வராமல் போயிருந்தால் லைலாவும் இல்லை, இஸ்மாயிலும் இல்லை.

தாழம்பூ

மாயையை உரித்தால் பெண்களுக்குப் பிடிக்காது என்று அவரே முடிவு செய்துகொண்டார். எனக்கு உரித்த பகுதிகள்தான் பிடித்திருக்கின்றன. முகில், ஹைடி இறக்கும் செய்யுள்களை மொழிபெயர்க்கும்போது எனக்கு முதலில் அனுப்புங்கள்.

நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஜூலியாவின் கடிதத்தை முழுதாகத் தமிழில் சொல்லி என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அத்தை மகளுக்கும் அனுப்பினேன். காலையில் பார்த்தால் ஸ்டேட்டஸ் மாறியிருக்கிறது. அதே சூரியன், அதே கடற்கரை. வாசகம் மட்டும், "எங்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று." கீழே பைரன் பெயரை எடுத்துவிட்டு 'ஜூலியா' என்று போட்டிருக்கிறாள்.

மனைவி கேட்டது வேறு: "அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று?" அத்தை மகளும் அதையேதான் கேட்டு அனுப்பியிருக்கிறாள். கடிதம் படகில் சீட்டாகிப்போனதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன் ஐயா.

பழைய வாத்தியார்

ஜூலியா திரும்பி வருவதே இல்லை தம்பி. கதை கிரேக்கம், துருக்கி, ரஷ்யா, இங்கிலாந்து என்று எங்கெங்கோ போகிறது, அந்த மடத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் காண்டத்துக்கு அவளே போய்ச் சேர்ந்துவிடுவாள்.